உல்கும் புகையிலையும்

கடல்வழியும் தரைவழியும் வரும் பண்டங்களுக்காக அரசனுக்கு இறுக்கும் பொருளைப் பழந்தமிழர் உல்கு என்றனர். அரசனுக்குரிய பொருள்வகைகளைக் கூறுமிடத்து வள்ளுவர் உல்குபொருளையும் ஒன்றாக எண்ணினார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே உல்கு கொள்வோர் சோம்பலின்றி இருந்து, கடலினின்று கரைக்கு வருவனவும் கரையினின்று கடலுக்குச் செல்வனவுமாகிய பண்டங்கள் அனைத்துக்கும் சோழனது புலிப்பொறியை இட்டு வெளியே விடுத்தனர் என்பதைப் பட்டினப்பாலை பயின்ற மாணவர் அறிவர். பொறி பெற்ற பண்டம் இறை இறுத்த பண்டம். பொறியில்லாதது ஐயத்துக்கு உரியது. இக்காலத்து அரசாங்கங்கள் புகையிலைக் கள்ளக்கடத்தலை ஒழித்தற்குக் கைக்கொண்டிருக்கும் முறையை நோக்குமிடத்து, அப்புலிப்பொறியே வேறு வடிவிலே திரும்பி வந்ததோ என்று எண்ணத் தோன்றுகின்றது. அது எவ்வழியாக வந்தது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கள்ளக்கடத்தல் என்றவுடன் நம் மனக்கண்ணிலே தோன்றுவது, அமாவாசை இருளில் விளக்கை அணைத்துக்கொண்டு கரை சேரும் வள்ளம். வடகரையிலே பிறந்த நமக்கு அக்காட்சி கேள்வியளவிலேனும் பழக்கமானது. ஆயினும் சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உலகெங்கும் பெருகிய சிகரெட்டுக் கடத்தல் அவ்வகையினதன்று. அது பட்டப்பகலிலே, பெயர்பெற்ற தொழிற்சாலைகளின் முன்வாயிலால், குறைவற்ற பத்திரங்களோடு புறப்பட்டது. வள்ளமும் இருளும் அதன் கடைசி அங்கத்திலேதான் வந்தன. இவ்வுண்மையை உணரும்வரை அரசாங்கங்கள் கடற்கரையிலே காவல் வைத்து ஏமாந்தன. உணர்ந்த பின்னர்க் காவலைத் தொழிற்சாலை வாயிலுக்கு மாற்றத் தலைப்பட்டன. இம்மாற்றம் நிகழ நானூறு ஆண்டு சென்றது.

எத்தனையோ பண்டங்கள் இருக்கப் புகையிலையை மாத்திரம் கடத்துவோர் இத்துணை விரும்புவானேன்? புகையிலை பாரமற்றது, எளிதிற் கெடாது, எங்கும் விலைபோவது. இவற்றிலும் முக்கியமான காரணம், அதன் விலையிற் பெரும்பகுதி வரியாக இருத்தலாகும். நாற்பதடிக் கொள்கலன் ஒன்றினுள் ஏறத்தாழ 1 கோடி சிகரெட்டு அடங்கும். இருபது கொண்ட பெட்டிகளாக எண்ணினால் 5 இலட்சம் பெட்டி. 2000 ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் இத்தகைய பெட்டி ஒன்றின் மீது இருந்த வரி 3 பவுணுக்கு மேற்பட்டது. ஆகவே கொள்கலன் ஒன்று வரியின்றி உட்புகுமாயின் 15 இலட்சம் பவுணுக்கு மேல் அரசாங்கம் இழக்கும். பத்துக் கொள்கலனில் ஒன்பது பிடிபட்டாற்கூடத் தப்பிய ஒன்று நட்டத்தை ஈடுசெய்துவிடும் என்று சொல்லப்படுவது இதுபற்றியே. பொன்னைக் கடத்துவோன் பொன்னுக்கு முதல் இடவேண்டும். சிகரெட்டோ ஆலையிலிருந்து வெளிவரும்போது மலிவு; வரி ஏறிய பின்னரே விலையுயர்ந்தது. அவ்வரியைத்தான் கடத்துவோன் தன் மடியிற் கட்டிக்கொள்கின்றான்.

இனி, பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். புகையிலையை வெறுத்த முதலாம் ஜேம்ஸ் மன்னன் 1604 இல் அதன் மீதான தீர்வையை இறாத்தலுக்கு 2 பென்சிலிருந்து 6 சிலிங்கு 10 பென்சாக உயர்த்தினான். அஃதாவது நாற்பது மடங்குக்கு மேல். மன்னன் எண்ணியவாறு மக்கள் புகைத்தலை விட்டார்களல்லர். புகையிலை வேறு வழியால் வரலாயிற்று. அடுத்த நூற்றாண்டிலே வணிகர் இதனினும் நுட்பமான ஒரு வழியைக் கண்டனர். அமெரிக்காவிலிருந்து வந்த புகையிலையை மீண்டும் பிறநாட்டுக்கு ஏற்றுவோர்க்கு, இறக்கும்போது இறுத்த தீர்வையை அரசாங்கம் திருப்பிக் கொடுத்துவந்தது. ஏற்றுவதாகக் கப்பலேற்றித் தீர்வையைத் திரும்பப் பெற்று, டன்கேர்க்குக்கோ மான் தீவுக்கோ போய், அங்கிருந்து சிறு படகுகளில் அதே புகையிலையைப் பிரித்தானியக் கரையிலேயே கொண்டுவந்து இறக்கினர். பண்டம் வெளியே போனதற்குப் பத்திரம் உண்டு. திரும்பி வந்ததற்குப் பத்திரம் இல்லை. மான் தீவு வேறொரு பிரபுவின் ஆட்சிக்குட்பட்டதாகையால் அங்கே பிரித்தானியச் சுங்கத்தார்க்கு அதிகாரம் இருக்கவில்லை. ஈற்றில் 1765 இல் பிரித்தானிய அரசாங்கம் அத்தீவின் உரிமையை 70,000 பவுணுக்கு விலைக்கு வாங்கியே அவ்வாயிலை அடைத்தது.

அதற்கு முன்னரே இந்நோயின் மூலத்தைக் கண்டவர் வால்போல் என்னும் முதலமைச்சர். துறைமுகத்திலே தீர்வை வாங்குவதை விடுத்து, வந்திறங்கும் புகையிலை முழுவதையும் அரசாங்கக் கண்காணிப்பிலுள்ள பண்டசாலையில் வைத்து, உள்நாட்டு விற்பனைக்காக வெளியே எடுக்கும்போது வரி கொள்ளவேண்டும் என்று அவர் 1733 இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுக்கு வீடு புகுவர் என்று வணிகர் கிளப்பிய கூச்சலால் இலண்டன் நகரமே கொதித்தெழுந்தது, மசோதா கைவிடப்பட்டது, மக்கள் அவரது கொடும்பாவியைக் கொளுத்தி மகிழ்ந்தனர். அம்மசோதாவின் கருத்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து உலக உடன்படிக்கை ஒன்றிலே இடம்பெறும் என்று அன்று எவரும் எண்ணியிரார்.

யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. ஒல்லாந்தர் காலந்தொட்டு நமது புகையிலை மலையாள நாட்டுக்குச் சென்று விலைபோயிற்று. திருவிதாங்கூரிலே புகையிலை விற்கும் உரிமை சமஸ்தானத்துக்கே உரிய ஏகபோகமாக நெடுங்காலம் இருந்தது. அரசாங்கம் ஒன்றே விற்கலாம் என்ற இடத்தில், எல்லை கடந்து மலிவாக வரும் இலையை வாங்குவோர் இருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும். திவான் மாதவராவ் 1863 ஆம் ஆண்டளவில் அவ்வேகபோகத்தை நீக்கி, இறக்குமதித் தீர்வையை அதனிடத்தில் அமைத்தார். புகையிலையைத் தூதுவிட்டுப் பிரபந்தம் பாடிய சீனிச்சர்க்கரைப் புலவருக்கு இத்தீர்வைக் கணக்குகளைப் பற்றிக் கவலையிருந்திராது; நம் தோட்டக்காரருக்கும் கப்பற்காரருக்கும் இருந்தது.

இக்காலத்துக்கு வருவோம். ஏற்றுமதிக்கென்று ஆலையிலிருந்து புறப்படும் சிகரெட்டுக்கு உற்பத்தி நாடு வரி கொள்வதில்லை. அது தன் நாட்டவர் புகைப்பதற்கன்று ஆதலின் இது நியாயமே. இடைவழியில் உள்ள நாடும் வரி கொள்வதில்லை. பண்டம் அங்கே தங்காது கடந்துபோகின்றது ஆதலின் இதுவும் நியாயமே. போய்ச் சேரும் நாடுதான் வரி கொள்ளவேண்டும். போய்ச் சேராவிட்டால்? பெல்ஜியத்து அன்ற்வேர்ப் துறைமுகம் போன்ற இடங்களில் இறங்கி, வட ஆபிரிக்காவுக்கோ கிழக்கு ஐரோப்பாவுக்கோ செல்வதாகப் பத்திரம் எழுதப்பெற்ற சிகரெட்டுகள் வழியிலே மறைந்து, வரியின்றி ஐரோப்பியத் தெருக்களிலே விற்பனையாயின. பதினெட்டாம் நூற்றாண்டின் மீளேற்றுமதிச் சூழ்ச்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அளவு ஒன்றே. 1990-களின் நடுவிலே உலக நாடுகளின் வாணிபக் கணக்குகளை ஒப்பிட்டு நோக்கியோர், ஏற்றுமதியானதாக எழுதப்பட்ட சிகரெட்டுகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எந்நாட்டு இறக்குமதிக் கணக்கிலும் காணப்படாதிருத்தலைக் கண்டனர். பண்டம் புறப்பட்டது, எங்கும் போய்ச் சேரவில்லை.

கணக்கிலே விருப்புள்ள மாணவர்க்கு ஓர் உதாரணம் தருவேன். பிரான்சுக்கும் ஸ்பானியாவுக்கும் இடையில் மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் அந்தோரா என்னும் சிறு நாட்டுக்குப் பிரித்தானியாவிலிருந்து 1993 இல் ஏற்றுமதியான சிகரெட்டு 1 கோடி 30 இலட்சம். 1997 இல் ஏற்றுமதியானது 152 கோடி. அந்நாட்டின் சனத்தொகை அப்போது ஏறத்தாழ 65,000. பிறந்த குழந்தை முதல் படுத்த கிழவர் ஈறாக ஒவ்வொருவரும் நாடோறும் அறுபதுக்கு மேற்பட்ட பிரித்தானிய சிகரெட்டைப் புகைத்தாலன்றி அத்தொகை செலவாகாது. இச்சிறு வகுத்தற் கணக்கைச் செய்து பார்க்க உற்பத்தியாளர் எவர்க்கும் தோன்றவில்லை என்று நம்புதல் அரிது. ஸ்பானிய அரசாங்கம் செய்து பார்த்தது. 1990-களின் இறுதியில் அது அந்தோராவையும் ஐரோப்பியச் சுங்க அதிகாரிகளையும் துணைகொண்டு வழங்கல் வழியையே அடைத்தது. வரியைக் குறைக்காமலே கள்ளச் சிகரெட்டு அந்நாட்டில் விரைவாகக் குறைந்தது.

இவ்வரலாற்றில் மிகுந்த படிப்பினை தருவது கனடா நாடாகும். இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று அங்கே வாழ்கின்றனராதலின் அதனைச் சற்று விரித்துக் கூறுகின்றேன். 1980-களிலும் 1991 இலும் கனடிய அரசாங்கம் புகையிலை வரியை மிக உயர்த்தியது. உடனே ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்லும் கனடிய சிகரெட்டின் தொகை ஆண்டுதோறும் பெருகிற்று. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கனடியர் விரும்பும் சிகரெட்டு வேறு. அமெரிக்கர் விரும்பும் கலப்புச் சிகரெட்டு வேறு. கனடிய வகையை வாங்கிப் புகைக்கும் அமெரிக்கர் மிகச் சிலர். அவ்வாறாகவும் கோடிக்கணக்கிலே ஏற்றுமதி நடந்தது. அச்சிகரெட்டுகள் வரியின்றி எல்லையைக் கடந்து, நியூயோர்க் மாநிலத்திலிருந்து மறுபடியும் கனடாவுக்கே வந்தன. ஒந்தாரியோ, கியூபெக், நியூயோர்க் ஆகிய மூன்றின் எல்லைகளும் சந்திக்கும் இடத்தில், சென் லோறன்ஸ் ஆற்றின் இருபுறமும் பரந்து கிடக்கும் அக்வெசாஸ்னே என்னும் மோகாக் மக்களின் நிலம் அதற்கு வழியாயிற்று. கோடையில் விரைவுப் படகிலும் மாரியில் உறைந்த ஆற்றின் மேலும் அவை கடந்தன. பத்திரிகைகள் படகுகளையும் மோகாக் மக்களையும் பற்றியே எழுதின. படகிலே ஏற்றப்பட்ட பண்டம் எந்த ஆலையிலிருந்து, எவர் கட்டளைப்படி வந்தது என்று எழுதியவர் சிலரே. கடைசிக் கையைப் பிடித்து முதற்கையை விட்டுவிடுதல் உலகெங்கும் உள்ள வழக்கந்தான்.

அரசாங்கத்துக்கு உண்மை தெரியாமலில்லை. 1992 பெப்ரவரியில் அது இருநூறு சிகரெட்டுக்கு 8 டொலர் வீதம் ஏற்றுமதி வரி விதித்தது. ஆலையை விட்டுப் புறப்படும்போதே வரி வாங்கிவிட்டால், திரும்பி வருவதனால் இலாபம் இல்லை. சரியான மருந்து; ஆயினும் உற்பத்தியாளரின் எதிர்ப்பினால் இரண்டு மாதத்துக்குள் அது நீக்கப்பட்டது. கடத்தல் மேலும் பெருகியது. 1994 பெப்ரவரி 8 ஆம் திகதி பிரதமர் கிறெற்றியன் அரசாங்கம் மத்திய வரியைப் பெரிதும் குறைத்தது. கியூபெக், ஒந்தாரியோ முதலிய கிழக்கு மாகாணங்களும் உடன் குறைத்தன. ஏற்றுமதி வரியும் மீண்டும் வந்தது. கடத்தல் ஓய்ந்தது, அதனோடு வரி வருமானமும் ஓய்ந்தது. விலை வீழ்ந்தமையால் இளைஞரிடையே புகைப்பழக்கம் மறுபடி தலையெடுத்தது. அரசாங்கம் தோற்றது என்றே நான் கருதுகின்றேன்.

வரியை உயர்த்தினாற் கடத்தல் பெருகும். ஆதலால் வரியை உயர்த்தாதீர் என்பது புகையிலைக் கும்பனிகள் எல்லா நாட்டு நிதியமைச்சருக்கும் சொல்லிவரும் புத்திமதி. கனடாவின் மேற்கு மாகாணங்களாகிய பிரித்தானிய கொலம்பியா, அல்பேட்டா, சஸ்காச்சுவன், மனித்தோபா என்பன 1994 இல் தம் வரியைக் குறைக்கவில்லை. அவற்றின் வரி கிழக்கு மாகாணங்களின் வரியிலும் மிக உயர்ந்ததாயிற்று. அங்கே கடத்தல் கிழக்கிற் கண்டதுபோல் ஒருபோதும் பெருகவில்லை. கடத்தலுக்கு வரி ஒரு காரணமே. வழங்கும் வழி மற்றொரு காரணம். வழி திறந்துள்ள இடத்தில் வரி குறைவாயிருப்பினும் கடத்தல் நடக்கும். இது நமக்குப் புறம்பான விடயமன்று. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் உள்ள நமது நாட்டிலே சிகரெட்டு வரி அரசாங்க வருமானத்தில் முக்கியமான ஒரு பங்கு. அதனை உயர்த்தலாமா கூடாதா என்ற வாதம் எழும்போதெல்லாம் கடத்தல் என்ற பூச்சாண்டி காட்டப்படுகின்றது. மேற்கு மாகாணங்களின் கதையை அறிந்தோர் அதற்கு எளிதில் அஞ்சார்.

உண்மை நீதிமன்றத்தில் வெளிப்படப் பல ஆண்டு சென்றது. 1998 இல் ஆர். ஜே. ரெய்னோல்ட்ஸ் கும்பனியைச் சார்ந்த நோதேண் பிராண்ட்ஸ் என்னும் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டு 150 இலட்சம் டொலர் செலுத்தியது. 2008 ஜூலை 31 ஆம் திகதி கனடாவின் இம்பீரியல் டொபாக்கோவும் றொத்மன்ஸ் பென்சன் அன்ட் ஹெட்ஜஸும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, முறையே 20 கோடியும் 10 கோடியும் கனடிய டொலர் தண்டப் பணமாக ஏற்றன. ஏனைய கொடுப்பனவுகளையும் கூட்டினால் மொத்தம் 115 கோடி. 2010 இல் ஜே. ரி. ஐ. மக்டொனால்ட் முதலியவை 55 கோடி டொலருக்கு இணங்கின. 2008 இல் அவை ஒப்புக்கொண்ட குற்றம் யாது? கனடாவில் உற்பத்தியான புகையிலைப் பண்டங்களை, உரிய முறையிற் பொதியாமலும் முத்திரை இடாமலும், பிறர் வைத்திருக்கவும் விற்கவும் துணைபுரிந்தமை. சுருங்கச் சொன்னால், புலிப்பொறி இல்லாத பண்டம். எனினும் தண்டப் பணம் வரும்போது கடத்தல் நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. 1994 இல் மலிவு விலையிற் புகைக்கப் பழகிய சிறுவர் நடுவயதை நெருங்கியிருப்பர்.

வள்ளமும் இருளும் வெறுங் கதையென்று எவரும் எண்ணலாகாது. இத்தாலியின் தென்கிழக்குக் கரையாகிய பூலியாவுக்கு, அட்றியாற்றிக் கடலுக்கு அப்பாலுள்ள மொன்ரினீக்ரோவிலிருந்து விரைவுப் படகுகள் இரவு தோறும் சிகரெட்டு ஏற்றி வந்தன. கரையிலிருந்து பண்டத்தை எடுத்துச் செல்ல, இரும்புத் தகடு பொருத்திய வண்டிகளைக் கடத்துவோர் கூட்டம் வைத்திருந்தது. 2000 பெப்ரவரியிற் பிரிந்திசி நகருக்கு அருகே அத்தகைய வண்டியொன்று நிதிக் காவற்படையினரின் காரை மோதி நசுக்கியதில் இரு காவலர் உயிர்துறந்தனர். அதன் பின்னரே பெருஞ் சேனை இறக்கப்பட்டு அக்கரை துப்புரவாக்கப்பட்டது. மலிவாய்க் கிடைத்த ஒரு சிகரெட்டுப் பெட்டியின் விலையிலே அவ்விருவர் உயிரும் அடக்கம்.

அதே 2000 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவிலே புகைக்கப்பட்ட சிகரெட்டுகளுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கள்ளச் சிகரெட்டாயிருந்தது. அரசாங்கம் மூன்றாண்டுக்கு 20 கோடி 90 இலட்சம் பவுண் ஒதுக்கி, ஏறத்தாழ ஆயிரம் உத்தியோகத்தரைப் புதிதாகச் சேர்த்தது. கொள்கலனைத் திறவாமலே அகத்தைக் காட்டும் ஊடுகதிர்ப் பொறிகள் துறைமுகங்களிலே நிறுவப்பட்டன. வரி செலுத்தியதைக் காட்டும் குறி பெட்டிகளில் அச்சிடப்பட்டது. 2006 இல் இயற்றிய சட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. தம் பண்டம் கடத்துவோர் கைக்குப் போகாதவாறு பார்த்துக்கொள்ளுதல் உற்பத்தியாளர் கடமை. தவறினால் 50 இலட்சம் பவுண் வரை தண்டம். பத்தாண்டு கழிவதற்குள் கள்ளச் சிகரெட்டின் பங்கு ஏறத்தாழப் பத்திலொன்றாகக் குறைந்தது. இக்காலம் முழுவதும் வரி குறையவில்லை என்பதைப் படிப்போர் கவனிப்பாராக. கையாற் சுருட்டும் தூட்புகையிலையில் மாத்திரம் கள்ளப் பண்டத்தின் பங்கு இதனிலும் மிக அதிகமாகவே இருந்துவந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் பிறிதொரு வழியாற் சென்றது. கும்பனிகளை அமெரிக்க நீதிமன்றங்களுக்கு இழுத்தபின், 2004 ஜூலையிற் பிலிப் மொறிஸ் கும்பனியோடு ஓர் உடன்பாடு செய்தது. அதன்படி அக்கும்பனி பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 125 கோடி டொலர் செலுத்தவும், அதன் உண்மையான பண்டம் கள்ளமாகப் பிடிபடுந்தோறும் உரிய வரிக்கு ஈடுசெய்யவும் இணங்கியது. 2007 இலும் 2010 இலும் ஏனைய பெருங் கும்பனிகளும் இவ்வாறு கையொப்பமிட்டன. இவ்வுடன்பாட்டினாற் பெரிய ஆலைகளின் சொந்தப் பண்டம் கள்ளச் சந்தையில் அருகியது உண்மை. ஆயினும் கண்காணிக்கப்படவேண்டியோன் கண்காணிப்பவனுக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு நெடுங்காலம் நிலைக்கத்தக்கதன்று என்று ஐரோப்பியப் பாராளுமன்றத்திற் பலர் வாதித்தனர். 2016 ஜூலையில் முடிவடைந்த பிலிப் மொறிஸ் உடன்பாடு புதுப்பிக்கப்படவில்லை.

ஒரு நாடு தன் வாயிலை அடைத்தால் பண்டம் அடுத்த நாட்டு வாயிலை நாடும். ஆகவே தனித்தனி நாடுகளின் முயற்சி போதாது என்பது தெளிவாயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்துக்குத் துணையாக, கள்ள வாணிபத்தை ஒழிப்பதற்கென்றே ஒரு தனி உடன்படிக்கை 2012 நவம்பர் 12 ஆம் திகதி கொரியாவின் சியோல் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாற்பது நாடுகள் சேர்ந்த பின்னர் அது 2018 செப்ரெம்பர் 25 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

அதன் உள்ளீட்டை முழுதும் இங்கே எழுதப் புகின் இம்மலரின் பக்கங்கள் போதா. முக்கியமான சிலவே கூறுவன். சிகரெட்டு உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் மாத்திரமன்றிச் சிகரெட்டு செய்யும் இயந்திரத்தின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வாங்குவோன் யாவன், அவன் கேட்கும் அளவு அவன் சந்தைக்குத் தக்கதா என்று விற்போன் விசாரித்தறிதல் வேண்டும். அந்தோராக் கணக்கை இனி எவரும் செய்யாதிருத்தல் இயலாது. சுதந்திர வர்த்தக வலயங்களிலும் அதிகாரிகள் கண்காணிப்புச் செய்யவேண்டும். அவ்வலயங்களிலிருந்து வெளிச்செல்லும் கொள்கலனிலே புகையிலைப் பண்டத்தைப் பிற பண்டத்தோடு கலந்து ஏற்றுதல் தடுக்கப்பட்டுள்ளது. எல்லாவற்றிலும் மேலாக, ஒவ்வொரு பெட்டிக்கும் பிறிதொன்றுக்கு இல்லாத தனிக்குறி ஒன்று இடவேண்டும். எந்த ஆலையில், எந்த நாளில், எந்த இயந்திரத்தில் உருவாயிற்று, எந்த நாட்டுச் சந்தைக்கு உரியது என்பன அக்குறியால் அறியப்படும். பிடிபட்ட பெட்டியைக் கொண்டு அது வழிதவறிய இடத்தைப் பின்னோக்கிச் சென்று கண்டுகொள்ளலாம். சோழனது பொறி இறை இறுத்ததை மட்டும் சொல்லிற்று. இக்குறி பிறந்த இடத்தையும் சொல்லும்.

ஆனால் அப்பொறியை எவர் கையில் வைத்திருப்பது? பெரும் போராட்டம் இதிலேதான் நடந்தது. பிலிப் மொறிஸ் கும்பனி கோடென்ரிபை என்ற பெயரில் ஒரு குறிமுறையைத் தானே உருவாக்கி, ஏனைய பெருங் கும்பனிகளோடும் பகிர்ந்து, அரசாங்கங்கள் அதனையே ஏற்கவேண்டும் என்று முயன்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், புலிப்பொறியைத் தம்மிடமே தரும்படி சோழனைக் கேட்டதற்கு இது ஒப்பாகும். உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, இக்கடமைகளைப் புகையிலைத் தொழிலார் நிறைவேற்றுதலோ அவர்களிடம் ஒப்படைத்தலோ கூடாது என்று தெளிவாக விலக்கியிருக்கின்றது. என் கருத்தில் அவ்வுடன்படிக்கை முழுவதிலும் மிகவும் பெறுமதியான வாக்கியம் அதுவே. ஐரோப்பிய ஒன்றியத்திலே 2019 மே 20 ஆம் திகதி முதற் சிகரெட்டுப் பெட்டிகள் தனிக்குறியோடு வெளிவருகின்றன. ஆயினும் அங்கே தகவலைச் சேமித்து வைக்கும் நிறுவனங்களை உற்பத்தியாளரே நியமித்துக் கட்டணமும் செலுத்துகின்றனர் என்று குறைகூறுவோர் உளர்.

மருந்து கண்டவுடன் நோயும் உருமாறுகின்றது. பெருங் கும்பனிகளின் பண்டம் அருகிய இடத்தில், எந்நாட்டுக் கடையிலும் முறையாக விற்கப்படாது கடத்தற்கென்றே செய்யப்படும் புதுப் பெயர்கள் புகுந்தன. றுசியாவின் கலினின்கிறாட்டில் உற்பத்தியான ஜின் லிங் என்பது இதற்குப் பேர்போன உதாரணம். தென் அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பிறேசில் அரசாங்கம் 1990-களின் இறுதியில் அயல்நாடுகளுக்குச் செல்லும் சிகரெட்டின் மீது கடுமையான ஏற்றுமதி வரி விதித்துத் தன் பண்டம் திரும்பி வருவதைத் தடுத்தபோது, பராகுவே நாட்டிற் புது ஆலைகள் எழுந்து, அந்நாட்டவர் புகைக்கக்கூடியதிலும் பன்மடங்கு உற்பத்தி செய்தன. ஐரோப்பாவினுள்ளேயே மறைவிடங்களில் இயங்கிய ஆலைகள் அண்மை ஆண்டுகளிற் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. இவை எவற்றிலும் குறி இல்லை. இயந்திரத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதியின் காரணம் இப்போது விளங்கும்.

இலங்கை, புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003 நவம்பரிலேயே ஏற்று ஆசிய நாடுகளுக்கு வழிகாட்டியது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தாற் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபை அமைந்தது. கள்ள வாணிபம் பற்றிய உடன்படிக்கையிலும் 2016 பெப்ரவரியில் நமது நாடு சேர்ந்தது. இங்கே கடத்தல் இரு முகமானது. ஒன்று, விமான நிலையத்திலும் துறைமுகக் கொள்கலன்களிலும் பிடிபடும் பிறநாட்டுச் சிகரெட்டு. சுங்கத் திணைக்களத்திற் கடமையாற்றும் நம் பழைய மாணவர் இதனை என்னிலும் நன்கறிவர். மற்றையது பீடி சுற்றும் இலை. இந்தியக் காடுகளிற் பறிக்கப்படும் அவ்விலையை மூட்டை மூட்டையாகக் கட்டி, மன்னார், கற்பிட்டி, புத்தளக் கரைகளை நோக்கி வள்ளங்களிற் கொண்டுவருகின்றனர். கடலில் மிதந்த மூட்டைகளைக் கடற்படையினர் கைப்பற்றினர் என்ற செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி காண்கின்றோம். இதற்குத் தொழிற்சாலை வாயில் என்று ஒன்றில்லை. காட்டிலே ஏழைக் குடும்பங்கள் பறித்துக் காயவைக்கும் இலைக்கு எவர் தனிக்குறி இடுவர்? ஆதலால் இவ்வொரு பண்டத்தைப் பொறுத்தவரை வள்ளத்தைத் துரத்துதலும் கரையைக் காத்தலுமாகிய பழைய முறையே இன்றும் செல்கின்றது. இந்திய அரசாங்கமும் 2018 இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தமையால், பாக்கு நீரிணையின் இரு கரையாரும் தகவல் பரிமாறுதற்கு வழியேனும் உண்டு.

இறுதியாக, நம் ஊரவர்க்கு ஓர் ஐயம் எழலாம். புகையிலைத் தோட்டத்து வருவாயைக் கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்த பெற்றோர் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேர். இக்கல்லூரியின் வகுப்பறைகளிற் பலர் இருந்தது அவ்வருவாயாலேயே. அனுமதிப்பத்திரம் என்னும் இவ்விதி நாளை வேலிக்குள் ஆயிரங் கன்று நட்டவனையும் பிடிக்குமோ? உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு, இயன்ற அளவுக்குப் புகையிலைச் செய்கைக்கும் அனுமதிப்பத்திர முறையை ஏற்படுத்துமாறு நாடுகளைக் கேட்கின்றது. ஆயினும் பரம்பரையாகச் சிற்றளவிற் பயிரிடுவோரை அது பெயர் குறித்தே விலக்கியிருக்கின்றது.